இரண்டு படுக்கையறை வாடகை வீடு: கணக்குப் போடுவது முதல் சாவி வாங்குவது வரை

பள்ளி, பூங்கா, கடை, மருத்துவர் எல்லாம் நடந்து போகும் தூரத்தில் இருக்கும் தெருவில் நல்ல இரண்டு படுக்கையறை வீடு காலியாகக் கிடப்பது சில நாள்தான். குழந்தைகள் உள்ள குடும்பங்கள் எல்லாம் தேடுவது அதே அளவு வீட்டைத்தான்.

புதிதாகத் தேடுகிறவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் வரிசை மாறிப்போவதால். முதலில் வீட்டைப் பார்த்துவிடுகிறார்கள், மனம் அதில் ஒட்டிக்கொள்கிறது, அதன் பிறகு கணக்குப் போடுகிறார்கள். பணம் கைமாறிய பிறகு ஒப்பந்தத்தை வாசிக்கிறார்கள். சாமான்களை அடுக்கி முடித்த பிறகு சுவரில் ஈரத்தைக் கவனிக்கிறார்கள். கீழே உள்ள படிகளை எழுதியிருக்கும் வரிசையிலேயே செய்யுங்கள்.

1. முதலில் மாதக் கணக்கு

விளம்பரத்தில் போட்டிருக்கும் வாடகையோடு செலவு முடியாது. பராமரிப்புக் கட்டணம், தண்ணீர், மின்சாரம், எரிவாயு, வண்டி நிறுத்தும் இடம், இணையம் எல்லாம் அதன் மேல் ஏறும். ஒரு வீட்டின் வாடகை 100 என்று வைத்துக்கொள்வோம். பராமரிப்பு, தண்ணீர், நிறுத்துமிடம் மூன்றும் அதற்குள் அடக்கம். இன்னொரு வீட்டின் வாடகை 90; பராமரிப்பு 9, நிறுத்துமிடம் 6, தண்ணீர் 3 என்று தனித்தனி. கூட்டினால் 108. மலிவாகத் தெரிந்ததுதான் விலை கூடிய வீடு. எனவே யாரிடம் பேசினாலும் முதல் கேள்வி, “எல்லாம் சேர்த்து மாதம் எவ்வளவு வரும்?” என்பதாக இருக்கட்டும்.

இந்தக் கூட்டுத்தொகை கைக்கு வரும் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. காப்பகக் கட்டணமோ கடன் தவணையோ இருந்தால் இன்னும் கீழே நிற்பது நல்லது. வாடகையை ஒரு முறை ஒப்புக்கொண்டால் வருடம் முழுக்கக் குறைக்க முடியாது. மற்ற செலவுகளை நெருக்கடியில் ஓரளவு சுருக்கலாம்.

அடுத்தது, குடிபோகும் மாதத்தில் மொத்தமாக வேண்டிய தொகை. அட்வான்ஸ் 2 மாதம், முதல் மாத வாடகை 1, தரகர் கூலி 1, சாமான் ஏற்றி இறக்க அரை, பழைய வீட்டுக்கும் புது வீட்டுக்கும் சேர்த்துக் கட்ட நேரும் நாள்களுக்கு அரை என்றால், 5 மாத வாடகைக்குச் சமமான பணம் ஒரே சமயத்தில் வேண்டும். அட்வான்ஸுக்குப் பல இடங்களில் சட்டமே உச்ச வரம்பு வைத்திருக்கிறது. உங்கள் ஊரில் அது எவ்வளவு என்று இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். பேரம் பேசும்போது கைகொடுக்கும்.

பழைய வீட்டு அட்வான்ஸை வாங்கிப் புது வீட்டுக்குக் கட்டிவிடலாம் என்று கணக்குப் போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. பழையது, சாவியைக் கொடுத்த பிறகுதான் திரும்பி வரும். புதியது, சாவியை வாங்குவதற்கு முன்பே போய்விடும். இடையில் உள்ள அந்தச் சில வாரங்களுக்குத் தனிப் பணம் வேண்டும்.

2. தாள்களைத் தயாராக வைப்பது

அடையாள அட்டை, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, அதே மாதங்களின் வங்கிக் கணக்கு அறிக்கை, வேலை செய்யும் இடத்திலிருந்து ஒரு கடிதம், முந்தைய வீட்டு உரிமையாளரின் தொடர்பு எண். இவ்வளவையும் ஒரே கோப்பாக்கித் தொலைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். சொந்தத் தொழில் செய்கிறவர்களுக்குச் சம்பளச் சீட்டு இருக்காது. கடைசி இரண்டு வருட வருமான வரிக் கணக்கு அந்த இடத்தை நிரப்பும்.

போட்டி உள்ள பகுதியில் உரிமையாளர் கையில் முதலில் முழுதாகச் சேரும் தாள்களுக்கு மதிப்பு அதிகம். “நாளை அனுப்புகிறேன்” என்பவருக்கும் அன்று மாலையே அனுப்பியவருக்கும் இடையில் வீடு கைமாறிவிடும்.

நகல்களை அனுப்பும்போது குறுக்கே “வாடகை வீட்டுக்காக மட்டும்” என்று தேதியோடு எழுதி அனுப்புங்கள். வீட்டைப் பார்க்கும் முன்பே வங்கி அறிக்கை கேட்கிறவருக்கு எதையும் அனுப்ப வேண்டாம்.

3. பகுதியைத் தேர்ந்தெடுப்பது: பள்ளியிலிருந்து தொடங்குங்கள்

பள்ளிக்குப் போகும் குழந்தை இருந்தால் வீட்டுக்கு முன் பள்ளியை முடிவு செய்யுங்கள். முகவரியைப் பார்த்து இடம் கொடுக்கும் பள்ளிகள் பல. தெருவின் ஒரு பக்கம் எல்லைக்குள்ளும் எதிர்ப்பக்கம் வெளியிலும் விழுவது உண்டு. ஆகவே தரகர் சொல்வதை நம்பாமல், வீட்டு எண்ணோடு பள்ளியிலேயே கேளுங்கள். கூடவே இரண்டு கேள்விகள்: முகவரிச் சான்றாக எந்தத் தாளை ஏற்பார்கள்? எந்தத் தேதிக்குள் அந்த முகவரியில் குடியிருக்க வேண்டும்? ஒப்பந்தத் தேதி அந்த நாளைத் தாண்டினால், வாடகை கூடுதலாகக் கொடுத்துப் பிடித்த பகுதியின் முக்கியப் பலனே கைக்கு வராது.

பிறகு வேலைக்குப் போகும் வழி. வார நாளில், நீங்கள் உண்மையாகவே கிளம்பும் நேரத்தில், ஒரு முறை போய்ப் பாருங்கள். ஞாயிறு மதியம் 20 நிமிடத்தில் முடியும் பாதை திங்கள் காலை 50 நிமிடம் பிடிக்கலாம். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் கூடினால், மாதத்தில் 22 வேலை நாளுக்கு 22 மணி நேரம் குடும்பத்தோடு இருக்கும் பொழுதிலிருந்து போகிறது. அதையும் வாடகையாகவே எண்ணுங்கள்.

4. விளம்பரத்தை வாசிக்கும் விதம்

“இரண்டு படுக்கையறை” என்ற சொல்லுக்குள் நிறைய ஒளிந்திருக்கும். கூடத்தை மரப்பலகையால் தடுத்து இரண்டாவது அறை என்பார்கள். சன்னல் இல்லாத சாமான் அறையையும் அறை என்பார்கள். தரைப்படம் கேளுங்கள். பரப்பளவு எந்தக் கணக்கில் என்றும் கேளுங்கள்: சுவருக்குச் சுவர் உள்ளே இருக்கும் இடமா, மாடிப்படி, நடைபாதை எல்லாம் சேர்த்த கணக்கா என்பதில் பெரிய வித்தியாசம் வரும். உங்கள் கட்டில் நிற்கப்போவது உள்ளே இருக்கும் இடத்தில்தான்.

மோசடிக்கு ஒரே சாயல் உண்டு. சுற்றுவட்டார வாடகையைவிட வெகுவாகக் குறைந்த தொகை, ஓட்டல் அறை போன்ற படங்கள், வெளிநாட்டில் இருப்பதாகச் சொல்லும் உரிமையாளர், பார்ப்பதற்கு முன் “பிடித்து வைக்க” ஒரு முன்பணம். படத்தை இணையத்தின் படத் தேடலில் போட்டுப் பாருங்கள்; வேறொரு ஊரின் விற்பனை விளம்பரத்தில் அதே சமையலறை வந்து நிற்கும். வீட்டுக்குள் காலெடுத்து வைக்காமல் ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

5. வீட்டைப் பார்ப்பது

அளவு நாடா, தொலைபேசி மின்னேற்றி, சிறு டார்ச், உங்கள் பெரிய சாமான்களின் அளவுகள் எழுதிய தாள். இவற்றோடு பகல் வெளிச்சத்தில் போங்கள். 40 நிமிடமாவது வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். பத்து நிமிடத்தில் சுற்றிக் காட்டிவிட்டு வாசலில் போய் நிற்கும் தரகருக்கு ஈடுகொடுத்து நடந்தால் சுவரின் நிறம் மட்டும்தான் நினைவில் நிற்கும்.

தண்ணீரில் தொடங்குங்கள். குளியலறைக் குழாயை முழுக்கத் திறந்து 10 லிட்டர் வாளியை வையுங்கள். ஒன்றிலிருந்து ஒன்றரை நிமிடத்துக்குள் நிரம்பினால் போதும். இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் காலை அவசரத்தில் இரண்டு பேர் குளித்துக் கிளம்புவது பாடாகிவிடும். அந்தக் குழாய் ஓடும்போதே சமையலறைக் குழாயைத் திறந்து, கழிப்பறைத் தொட்டியையும் அழுத்துங்கள். வேகம் பாதியாக விழுந்தால் குழாய் குறுகியது அல்லது உப்படைத்தது. வெந்நீரையும் திறந்து, சூடாக வர எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுங்கள்.

அடுத்து சமையலறைத் தொட்டிக்குக் கீழே உள்ள கதவைத் திறந்து குனியுங்கள். வீட்டின் உண்மை நிலை தெரிவது பெரும்பாலும் இங்கேதான். அடிப்பலகையை விரலால் அழுத்துங்கள். உப்பியோ பொருபொருவென்றோ இருந்தால் தண்ணீர் நெடுநாளாகக் கசிகிறது. வளைகுழாயின் இணைப்பைச் சுற்றித் தாள் கைக்குட்டை ஒன்றை ஒற்றி எடுங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவும் அதில் ஈரமாகத் தெரியும். மூலையில் கரும்புள்ளியாகக் கரப்பான் எச்சம் கிடந்தால் அடுத்தடுத்த வீடுகளிலும் அது இருக்கக்கூடும். அப்படியானால் உங்கள் வீட்டில் மட்டும் மருந்தடித்துத் தீராது.

சுவரில் ஓதம் இருக்கிறதா என்று தரையிலிருந்து முழங்கால் உயரம் வரையும், குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவரிலும், சன்னல் ஓரங்களிலும் பாருங்கள். வெள்ளைத் தூளாக உப்புப் பூத்திருப்பது, வண்ணம் கொப்பளித்திருப்பது, மண்வாடை, இவை மூன்றும் அடையாளம். எல்லாச் சுவரும் பழையதாக இருக்க ஒன்று மட்டும் புதிதாக வண்ணம் பூசியிருந்தால், “இங்கே என்ன இருந்தது?” என்று நேராகக் கேளுங்கள். அலமாரிக் கதவைத் திறந்து உள்ளே முகர்ந்தும் பாருங்கள். வீட்டைக் காட்டுவதற்காகச் சன்னல்களைத் திறந்து வைத்தால் கூடத்தின் வாடை போய்விடும். அலமாரிக்குள் இருப்பது போகாது.

மின்சாரத்துக்கு மின்னேற்றியை ஒவ்வொரு பிளக்கிலும் செருகிப் பார்த்தால் போதும். படுக்கையறைக்கு மூன்று, சமையல் மேடைக்கு மேல் மூன்று பிளக்குகளாவது இல்லாவிட்டால் நீட்டிப்பு வயர்கள் தரையெங்கும் ஓடும்; தவழும் குழந்தை உள்ள வீட்டுக்கு அது ஆகாது. மின்கசிவு நேர்ந்தால் தானே விழும் சுவிட்ச் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் சோதனைக்கென்று ஒரு சிறு பொத்தான் இருக்கும். காட்டுகிறவரைக் கேட்டு அதை அழுத்துங்கள்; மின்சாரம் உடனே நிற்க வேண்டும்.

இனி அளவு. இருவர் படுக்கும் கட்டில் ஏறத்தாழ 150க்கு 200 செ.மீ.; சுற்றி நடக்க இரு பக்கமும் 60 செ.மீ. வேண்டும். ஆக 2.7 மீட்டர் அகலம் இல்லாத அறையில் கட்டிலைச் சுவரோடு ஒட்டித்தான் போட வேண்டியிருக்கும். சலவை இயந்திரத்துக்கு 60 செ.மீ. அகலமும், பக்கத்திலேயே தண்ணீர் வரவும் கழிவுநீர் போகவும் வழியும் வேண்டும். கதவகலம், மாடிப்படி வளைவு, லிஃப்டின் உட்புறம் மூன்றையும் அளங்கள். சோபா உள்ளே போகவில்லை என்பது வண்டி வந்து நின்ற பிறகுதான் பலருக்குத் தெரிகிறது.

சிறு குழந்தை இருந்தால் பால்கனிக் கம்பிகளின் இடைவெளியைப் பாருங்கள். பல நாட்டுக் கட்டட விதிகள் அதை 10 செ.மீ. அளவுக்குள் வைப்பதற்குக் காரணம், அதற்கு மேல் போனால் குழந்தையின் உடல் நுழைந்துவிடும் என்பதுதான். குறுக்குக் கம்பிகள் ஏணியாகிவிடும், நேர்க்கம்பியே நல்லது. கைப்பிடி ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது. சன்னலுக்குப் பாதுகாப்புக் கம்பியோ வலையோ இல்லையென்றால், போட அனுமதி உண்டா என்று அப்போதே கேளுங்கள். இதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

கடைசியாக எல்லாச் சன்னலையும் மூடிவிட்டு, படுக்கையறையில் இரண்டு நிமிடம் பேசாமல் நில்லுங்கள். லிஃப்ட் மோட்டார், மேல்வீட்டு நடை, சாலை, தண்ணீர் மோட்டார், இவற்றில் எது கேட்டாலும் இரவின் அமைதியில் அது இன்னும் பெரிதாகத் தெரியும். கூட வருகிறவர்களையும் பேச வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பேச்சு எல்லா ஓசையையும் மறைத்துவிடும்.

6. இன்னொரு வேளையில் ஒரு முறை

பிடித்துப்போனால் அன்று இரவு 9 மணிக்கு அந்தத் தெருவுக்குப் போங்கள். வண்டி நிறுத்த இடம் கிடைக்கிறதா, தெருவிளக்கு எரிகிறதா, கீழே கடையோ கூடமோ சத்தம் போடுகிறதா என்பதெல்லாம் பகலில் தெரியாது. முடிந்தால் பள்ளி விடும் நேரத்திலும் வாசலில் நின்று பாருங்கள்.

படியில் எதிர்ப்படும் குடித்தனக்காரரிடம் இரண்டு கேள்வி போதும்: “தண்ணீர் எப்போதாவது நிற்குமா?”, “லிஃப்ட் பழுதானால் எத்தனை நாளில் சரிசெய்வார்கள்?” வீட்டை வாடகைக்கு விட்டாக வேண்டிய கட்டாயம் இல்லாதவர் என்பதால் அவர் மனதில் பட்டதைச் சொல்வார். முன்பு குடியிருந்தவர்கள் ஏன் போனார்கள் என்பதையும் அவரிடம் கேட்கலாம்.

7. உரிமையாளர் யார் என்று உறுதி செய்வது

வாடகைக்கு விடுகிறவர் உரிமையாளர்தானா? சொத்துப் பதிவு நகல், சொத்து வரி ரசீது, மின் கட்டண ரசீது ஆகியவற்றில் உள்ள பெயரும், அவர் அடையாள அட்டையில் உள்ள பெயரும், பணம் போகப்போகும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். அவருக்குப் பதில் வேறொருவர் கையெழுத்திடுவதானால் அதற்கான அதிகாரப் பத்திரத்தைக் கேளுங்கள். “அண்ணன் வீடு, நான்தான் பார்த்துக்கொள்கிறேன்” என்ற சொல் மட்டும் போதாது. நாளை அட்வான்ஸை யாரிடம் கேட்பது என்பது இந்தப் பெயரில்தான் இருக்கிறது.

இரண்டு பேர் பெயரில் சொத்து இருந்தால் இருவர் கையெழுத்தும் வாங்குங்கள்.

8. பேரம்

பலரும் விரும்பும் பகுதியில் வாடகைத் தொகை எளிதில் இறங்காது. மற்றவை இறங்கும். ஓதச் சுவரைக் குடிபோகும் முன் சரிசெய்வது, சன்னல் வலை, வண்டி நிறுத்த ஓர் இடம், வருடாந்தர உயர்வைக் குறைப்பது, இரண்டு வருட ஒப்பந்தம். குழந்தை பள்ளியில் சேர்ந்துவிட்ட குடும்பம் அடிக்கடி வீடு மாற்றாது என்பது உரிமையாளருக்கும் லாபம்தான். ஆள் மாறும்போதெல்லாம் அவருக்கு வீடு ஒரு மாதம் காலியாக நிற்கக்கூடும். அதைச் சொல்லிக் கேளுங்கள்.

கேட்பதை எல்லாம் ஒரே முறையில் கேளுங்கள். ஒவ்வொன்றாகக் கேட்டால் ஒவ்வொன்றும் புதுத் தொல்லையாகத் தெரியும். ஒப்புக்கொண்டதை அன்றே குறுஞ்செய்தியாக எழுதி அனுப்பி, “சரி” என்று பதில் வாங்குங்கள்.

9. ஒப்பந்தத்தை வரிவரியாக வாசிப்பது

கையெழுத்திடும் மேசையில் வாசிக்க நேரம் இருக்காது. வரைவை இரண்டு நாள் முன்னதாகக் கேட்டு வாங்கி, கீழ்க்கண்டவை எண்ணும் எழுத்துமாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

வாடகையும் பராமரிப்பும் தனித்தனியாக, ஒவ்வொன்றையும் யார் கட்டுவது என்று இருக்க வேண்டும். வருடத்துக்கு எத்தனை விழுக்காடு உயர்வு என்பது எண்ணாக இருக்க வேண்டும். “சந்தை நிலவரப்படி” என்ற சொல் இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். அதை வைத்து எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம்.

அட்வான்ஸ் பகுதியில் மூன்று விஷயம்: எத்தனை நாளில் திரும்பும், எதற்கெல்லாம் பிடிக்கலாம், பிடித்தால் ரசீது காட்ட வேண்டுமா. “வழக்கமான தேய்மானத்துக்குப் பிடித்தம் இல்லை” என்ற வரியைக் கட்டாயம் சேருங்கள். இரண்டு வருடத்தில் சுவர் மங்குவது தேய்மானம். கதவில் ஓட்டை விழுவது சேதம். இந்த வரி இல்லாவிட்டால் இரண்டுக்கும் ஒரே பில் வரும்.

பழுது யார் செலவு? பல்பு, குழாய் வாசர் போன்ற சின்னவை குடியிருப்பவருக்கு, குழாய் வழி, மின்வயர், கூரை, வெந்நீர்க் கலன் உரிமையாளருக்கு என்று பிரித்து எழுதுவது நியாயமான ஏற்பாடு. தகவல் சொன்ன எத்தனை நாளில் சரிசெய்ய வேண்டும் என்பதும் அதில் வரட்டும்.

காலி செய்ய முன்னறிவிப்பு எத்தனை மாதம் என்பது இரு தரப்புக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். நீங்கள் மூன்று மாதம் முன்பே சொல்ல வேண்டும், அவர் ஒரு மாதத்தில் எழுப்பலாம் என்பது ஏற்கத்தக்கதல்ல. பள்ளி ஆண்டின் நடுவில் வெளியேறச் சொல்லக் கூடாது என்று கேட்டுப் பாருங்கள், பலர் ஒத்துக்கொள்கிறார்கள். குறைந்தபட்சம் தங்க வேண்டிய காலம் இருந்தால், அதற்கு முன் வேலை மாறிப் போக நேர்ந்தால் என்ன தண்டம் என்பதும் தொகையாக எழுதப்பட வேண்டும்.

வண்டி நிறுத்துமிடத்தின் எண்ணும், வீட்டோடு விடும் பொருள்களின் பட்டியலும் ஒப்பந்தத்தோடு இணைப்பாகட்டும். வாய்மொழியாக ஒப்புக்கொண்ட எதுவும் தாளில் இல்லாவிட்டால் கேட்க வழியில்லை. பதிவு செய்ய வேண்டும் என்று உங்கள் ஊர்ச் சட்டம் சொன்னால் அதைத் தள்ளிப்போடாதீர்கள்; பள்ளியும் வங்கியும் கேட்கக்கூடியது அந்தத் தாளைத்தான்.

10. பணம் கொடுக்கும் வரிசை

வாசித்து முடித்தபின் சிறு முன்பணம், அதற்கு ரசீது. ரசீதில் வீட்டு முகவரி, எந்தத் தேதிவரை வேறு யாருக்கும் தருவதில்லை, பேச்சு முறிந்தால் அது திரும்புமா இல்லையா ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். மீதி அட்வான்ஸ், இரு தரப்பும் கையெழுத்திடும் அதே அமர்வில். ரொக்கமாக வேண்டாம், வங்கி வழியாகக் கொடுத்தால் அதுவே சாட்சி.

தரகர் கூலியை ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு கொடுங்கள். அதற்கு முன் கொடுத்துவிட்டால், இடையில் சிக்கல் வந்தால் தீர்த்து வைக்க அவருக்கு அவசரம் இருக்காது.

11. சாவி வாங்கும் நாள்

ஒரு சாமானும் உள்ளே வருவதற்கு முன், காலி வீட்டைப் படம் எடுங்கள். வாசலில் தொடங்கி வலப்பக்கமாகவே ஒவ்வோர் அறையையும் சுற்றி வந்தால் எதுவும் விட்டுப்போகாது. ஒவ்வோர் அறைக்கும் நான்கு சுவர், தரை, கூரை. பிறகு ஏற்கெனவே உள்ள கீறல், கறை, விரிசல் ஒவ்வொன்றையும் அருகிலிருந்து. கீறலின் பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து எடுத்தால் அளவும் பதிவாகும். அன்றே உரிமையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். படம் உங்கள் தொலைபேசியில் மட்டும் இருந்தால் எப்போது எடுத்தது என்று தகராறு வரும். அவருக்கு அனுப்பிய தேதியை யாரும் மறுக்க முடியாது.

மின்சாரம், தண்ணீர், எரிவாயு மீட்டர்களின் எண்களைப் படமெடுங்கள். பழைய பாக்கி எதுவும் இல்லை என்பதற்குக் கடைசி ரசீதுகளைக் கேளுங்கள். சாவிகள் எத்தனை என்று எண்ணி எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். முன்பு இருந்தவரிடம் ஒரு நகல் இருக்கக்கூடும். அனுமதி வாங்கி வாசல் பூட்டின் உள்ளகத்தை மாற்றிவிடுவது சிறு செலவில் பெரிய நிம்மதி.

சாமான் ஏற்றும் நாளுக்கு லிஃப்டை முன்பே கேட்டு வையுங்கள். சில குடியிருப்புகளில் ஞாயிறும் இரவும் சாமான் ஏற்ற அனுமதிப்பதில்லை.

12. முதல் இரண்டு வாரம்

முதல் வாரத்தில் ஒரு நாள், எல்லாக் குழாயையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பாருங்கள். அரை மணி கழித்து மறுபடி பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது. பெரும்பாலும் கழிப்பறைத் தொட்டியில். தொட்டியில் சில சொட்டு நிறச் சாயம் விட்டுக் கால் மணி கழித்துப் பார்த்தால், கோப்பையில் நிறம் இறங்கியிருப்பது காட்டிக்கொடுக்கும்.

கண்ட குறைகளை எல்லாம் ஒரே கடிதமாக, எண்ணிட்டு, படங்களோடு இரண்டு வாரத்துக்குள் அனுப்புங்கள். அதற்குள் சொன்னவை முன்பே இருந்தவையாக எடுத்துக்கொள்ளப்படும். ஆறு மாதம் கழித்துச் சொல்பவை உங்களால் வந்தவையாகிவிடும். பதில் வந்தாலும் வராவிட்டாலும், அந்தக் கடிதத்தின் நகலை ஒப்பந்தம், ரசீதுகள், மீட்டர் படங்கள் இருக்கும் அதே கோப்பில் வையுங்கள். வீட்டைக் காலி செய்யும் நாளில் எடுத்து மேசையில் வைக்கப்போவது அந்தக் கோப்பைத்தான்.